அன்போடு கலக்கவும்

1

இந்தக் கதையை எழுத நானாக உட்காரவில்லை. கேட்டார்கள். ஒரு பத்திரிகை கோடை விடுமுறைக்காகச் சமையல் இணைப்பு போடுகிறது. அன்றாடம் வீட்டில் செய்கிற எளிய சாப்பாடு, குடும்பத்தோடு வெளியே போகும்போது கட்டி எடுத்துப்போகிற சாப்பாடு, நடுப்பக்கத்தில் ஒரு கதை. "லேசா இருக்கட்டும்மா. படிக்கும்போதே வாசனை வரணும். சண்டை, ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம். கடைசியில கட்டம் கட்டி ஒரு சமையல் குறிப்பு போட்டுடலாம்" என்றார் பத்திரிகை ஆசிரியர்.

சரி என்று சொல்லி ஃபோனை வைத்த கையோடு எரிச்சல் மூண்டது. அதற்கு முந்தின நாள்தான் என் அக்கா என் வீட்டு நாற்காலியில், தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கி வைக்காமல் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் போயிருந்தாள். அதில் அன்றாடச் சாப்பாடு இருந்தது. கட்டி எடுத்துப்போகிற சாப்பாடும் இருந்தது. சண்டையும் ஆஸ்பத்திரியும் அவற்றைவிட அதிகமாகவே இருந்தன.

எழுதிப் பார்த்த தொடக்கங்களை அழிக்காமல் இங்கேயே விட்டு வைக்கிறேன்.

"வெங்காயம் பொன்னிறமாக வதங்கும் வாசனை வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவி, தூங்கிக்கொண்டிருந்த ஒவ்வொருவரையும் மெல்ல" [நிறுத்திவிட்டேன். எல்லாரும் தூங்குகிறார்கள், வெங்காயம் தன்னைத் தானே நறுக்கிக்கொண்டு வதங்குகிறது. எழுதவே கை கூசியது.]

"அவள் விரல்களில் ஏதோ ஒரு மாயம்" [இதை அக்கா படித்தால் என் விரல்களை ஒடித்துவிடுவாள்.]

"என் அக்காவைப் புகுந்த வீட்டில் கைமணம் என்று கூப்பிடுவார்கள்."

மூன்றாவதில் பொய் எதுவும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

2

என் அக்காவைப் புகுந்த வீட்டில் கைமணம் என்று கூப்பிடுவார்கள். "கைமணம் ஆபீஸ்லேர்ந்து வந்தாச்சா?" என்பார்கள். "அதைக் கைமணத்துக்கிட்ட விட்டுடு" என்பார்கள். செல்லமாகத்தான். இந்தக் கதையில் நடக்கிற எல்லா அநியாயமும் செல்லமாகத்தான் நடக்கிறது. அதனால்தான் யாரையும் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியவில்லை.

அவள் வேலை பார்ப்பது குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில். நகரத்தின் குழாய்களிலிருந்து தண்ணீரைச் சின்னப் புட்டிகளில் பிடித்து வருவார்கள். அதைக் கண்ணாடித் தட்டுகளில் இட்டு, சூட்டுப் பெட்டியில் வைத்து, கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. தட்டில் புள்ளி புள்ளியாக ஏதாவது வந்துவிட்டால், இன்ன தெருவின் குழாயை மூடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். மூடிவிடுவார்கள். மறுபேச்சு கிடையாது.

வீட்டில் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

அடுப்பு மேடையில் ஒரு சிறிய தராசு வைத்திருக்கிறாள். உப்பைக்கூட நிறுத்துத்தான் போடுவாள். உருளைக்கிழங்கு எண்ணெய் குடிக்காமல் வறுபட எண்ணெய் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், முட்டையின் மஞ்சள் கரு உதிராமலும் ஒழுகாமலும் நிற்க எந்த நேரத்தில் இறக்க வேண்டும் என்பதெல்லாம் செய்து, கெடுத்து, யோசித்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டது. போன வாரம் நன்றாக வந்த பருப்பு இந்த வாரமும் அதே ருசியில் வருகிறதென்றால் காரணம் இந்தப் பிடிவாதம்தான். அந்தத் தராசைப் பார்த்துக் கொழுந்தன், "அண்ணி நகைக்கடை நடத்தறாங்க" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு, "என்ன நிறுத்தாலும் இதெல்லாம் பிறவியிலேயே வரணும்" என்பார்கள்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, பொறுக்காமல் இங்கேயே போடுகிறேன்: கையில் மணம் இருப்பதாகச் சொல்லிவிட்டால் தலைக்குள் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. மணம் தானாக வருவது. அதற்கு லீவு தர வேண்டாம், கூடமாட ஒத்தாசை செய்ய வேண்டாம். பூவைப் பார்த்து யாராவது உனக்கு இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டதுண்டா?)

3

கொழுந்தன் அச்சகம் வைத்திருக்கிறான். அழைப்பிதழ், விளம்பரத் தாள், நாட்காட்டி. பேச்சில் தேன் ஒழுகும். ஒரு நாள் சாயங்காலம் அடுப்படி வாசலில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணி, நீங்க செய்யறதையெல்லாம் சொல்லிக்கிட்டே செய்ங்க. நான் பதிவு பண்ணிக்கிறேன். நம்ம வீட்டுச் சமையலை ஒரு சின்னப் புத்தகமா போடலாம்."

அக்காவுக்குச் சந்தோஷம். இதை அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சாப்பாடு எப்படி இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. எப்படிச் செய்தாய் என்று கேட்டவன் இவன்தான் முதல். அதற்கப்புறம் சாயங்காலங்களில் அவன் வந்து நிற்பதும் இவள் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. சொல்லும்போது அவளுக்குக் களைப்பே தெரியவில்லை.

உருளைக்கிழங்கு சாலட்டுக்கு அவள் சொன்னது இது. வெளியூர் போகும்போதும் பூங்காவுக்குப் போகும்போதும் எல்லாரும் விரும்பிச் சாப்பிடுவது:

"கிழங்கைத் தோலோட வேக வைக்கணும். உரிச்சுட்டுப் போட்டா தண்ணி குடிச்சுக் கொழகொழன்னு ஆயிடும். சூடு இருக்கும்போதே எலுமிச்சைச் சாறும் உப்பும் போடு, ஆறினா உள்ள இறங்காது. வெள்ளரிக்காய்ல விதையை எடுத்துடு. மயோனைஸ் வீட்டுலயே அடிக்கலாம், ஆனா அதுல பச்சை முட்டை இருக்கு. அதைத் தனி டப்பாவுல அடைச்சு ஐஸ் பெட்டிக்குள்ள வை. போய்ச் சேர்ந்து, தட்டையெல்லாம் எடுத்து வச்சப்புறம்தான் கலக்கணும். கலந்ததுல மீந்தா கொட்டிடு. யாருக்கும் கட்டிக் கொடுக்காத. வெயில்ல நின்ன பச்சை முட்டை விஷம்."

மாமியாருக்கு எழுபதாவது பிறந்தநாள் வந்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள். கொழுந்தன் ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தான். வழவழப்பான அட்டை. அதில் மாமியார் படம், கையில் கரண்டி. மேலே கொட்டை எழுத்தில், 'அம்மாவின் கைமணம்: எளிய வீட்டுச் சமையல்'.

அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வெறுத்த பட்டம்தான். ஆனாலும் பிடுங்கிக்கொண்டார்கள் என்றதும் நெஞ்சு எரிந்தது. அப்படி எரிந்ததற்காகத் தன்மேலேயே ஒரு கோபம் வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தான்: காகிதம் தந்த கடைக்காரருக்கு, படம் எடுத்த நண்பனுக்கு, பிழை திருத்தியவருக்கு. அவ்வளவுதான்.

பிறகு சாலட் பக்கத்தைப் புரட்டினாள். "உருளைக்கிழங்கை வேக வைத்து, வீட்டிலேயே அடித்த மயோனைஸ் ஊற்றி, அன்போடு கலக்கவும். டப்பாவில் போட்டுக்கொண்டு உல்லாசமாகக் கிளம்புங்கள்."

கொழுந்தனை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, ஐஸ் விஷயம் எங்கே போனது என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, விஷம் கிஷம் என்று சமையல் புத்தகத்தில் போட்டால் யாராவது செய்வார்களா, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அத்தானிடம் சொன்னாள். "இன்னைக்கு அம்மாவோட நாள். விடேன்" என்றார் அத்தான்.

விட்டாள். சில நாள் கழித்து மனசு கேட்காமல் கொழுந்தனுக்கு ஃபோனில் செய்தி அனுப்பினாள். அவன் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

4

இங்கே கதையை நிறுத்தி அத்தானைப் பற்றிப் பேச வேண்டும். இவரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பிரதியில் இவரைக் கொடியவராக எழுதினேன். "தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த அவன், கண்கள் சிவக்க" [கிழித்துப் போட்டேன்.] அத்தான் தட்டைத் தள்ளமாட்டார். கண் சிவக்கமாட்டார். வாரக் கடைசியில் வீட்டில் எல்லாருடைய துணிகளையும் அவர்தான் இஸ்திரி போடுகிறார். அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு ஓடி வருவார். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. நாளெல்லாம் ஆத்திரத்தோடு வருகிறவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவதுதான் தொழில். அதே குரலை வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுகிறார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கும் வசதி, அக்காவுக்கும் வசதி. கெட்டவனோடு சண்டை போடலாம். "விடேன்" என்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? அவர் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லையே. பிடித்துக்கொண்டிருப்பவள் இவள் ஒருத்திதான். எனவே விட வேண்டியவளும் இவள்தான். அந்தக் கணக்கு அந்த வீட்டில் யாருக்கும் உறுத்தியதே இல்லை.

5

நாத்தனார், அதாவது அத்தானின் தங்கை, ஒரு பார்சல் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். அந்த அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து ஆற்றங்கரைக்கு ஒரு நாள் உல்லாசப் பயணம் போனார்கள். வீட்டுக்கு ஒரு சாப்பாடு என்று பேச்சு. நாத்தனார் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, காலையிலேயே ஒரு பெரிய பாத்திரம் நிறைய சாலட் கலந்தாள். அன்போடுதான் கலந்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பாத்திரம் வேனின் பின்பக்கத்தில் வெயிலில் போயிற்று. விளையாட்டு, குளியல், போட்டோ எல்லாம் முடிந்து பிற்பகலில் திறந்தார்கள். பிரமாதம் என்று பாராட்டிச் சாப்பிட்டார்கள். "எங்க அம்மாவோட கைமணம்" என்று நாத்தனார் எல்லாரிடமும் புத்தகத்தைக் காட்டினாளாம்.

அன்று சாயங்காலமே ஒவ்வொருவராக வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். பெரும்பாலோர் ஓரிரு நாளில் எழுந்துவிட்டார்கள். கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர் சர்க்கரை நோயாளி. உடம்பிலிருந்த நீரெல்லாம் வற்றி, சிறுநீரகம் தகராறு செய்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

அக்கா பரிசோதனைக் கூடத்தில் இருந்தபோது நாத்தனாரின் ஃபோன் வந்தது. அழுகையினூடே அவள் சொன்ன முதல் வாக்கியத்தை அக்கா எனக்கு இரண்டு முறை சொல்லிக் காட்டினாள்.

"அண்ணி, உங்க சாலட்டால என்ன ஆயிருக்குன்னு பாருங்க."

ஆற்றங்கரையில் பாத்திரத்தைத் திறக்கும்போது அது அம்மாவின் கைமணம். ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கும்போது அண்ணியின் சாலட். [இந்த இடத்தில் ஒரு முழுப் பக்கம் திட்டி எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். அந்த இரண்டு வாக்கியங்களே போதும்.]

6

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அக்கா வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். மாமியார் சன்னலோரத்தில், கொழுந்தன் சோபாவின் கைப்பிடியில், நாத்தனார் தரையில், அத்தான் நின்றபடி. அக்கா வழக்கம்போல அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே நிலையில் சாய்ந்துகொண்டு.

அவர்கள் கேட்டது இதுதான். நாத்தனாரின் மேலாளர் விளக்கம் கேட்கிறார். அலுவலகத்தில் யாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அக்கா நேரில் போய், குறிப்பு என்னுடையது, ஐஸில் வைக்கச் சொல்ல மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தண்ணீரைப் பரிசோதிக்கிறவள் சொன்னால் மேலாளர் ஏற்றுக்கொள்வார்.

"நான் மறக்கலையே" என்றாள் அக்கா.

"சொன்னீங்களா அண்ணி? எனக்கு ஞாபகமே இல்ல" என்றான் கொழுந்தன். பதிவு செய்ததைப் போட்டுக் காட்டச் சொன்னாள். ஃபோனில் இடமில்லாமல் அழித்துவிட்டானாம். செய்தி அனுப்பினேனே, கட்டைவிரலைக் காட்டினாயே என்றாள். அது வேறு எதற்கோ என்று நினைத்தானாம்.

அட்டையில் என் பேர் இல்லையே, அதில் இருப்பவரைப் போய்ச் சொல்லச் சொல்லுங்களேன் என்று அக்கா கேட்டதும் கூடமே அதிர்ந்துபோனது. வயதானவரை இதில் இழுப்பதா என்றாள் நாத்தனார். அத்தான் தன் அலுவலகக் குரலில், "ஒரு வார்த்தை சொல்லிட்டா உனக்கு என்ன குறைஞ்சு போகும்? நமக்குத் தெரியுமில்ல, நீ சொன்னேன்னு" என்றார்.

"நமக்குன்னா யாருக்கு?"

அவர் போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

இனி மாமியார். இவரை நான் எழுதிய விதம் இது: மாமியார் எழுந்து நிற்கிறார். புத்தகத்தை மேசைமேல் எறிகிறார். "எனக்குச் சமையல்னாலே ஆகாது. உங்க அப்பா இருந்தவரைக்கும் வேற வழியில்லாம கிண்டிக் கொட்டினேன். அதுகூடத் தெரியாத ரெண்டு பசங்களைப் பெத்திருக்கேன். என் கையில கரண்டியைத் திணிச்சுப் படம் எடுத்தானே, என்னை ஒரு வார்த்தை கேட்டானா?" என்று பொரிந்து தள்ளுகிறார். பிள்ளைகள் தலைகுனிகிறார்கள். மருமகள் கண்ணில் நீர்.

எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அக்காவுக்கு ஃபோன் போட்டுப் படித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்களுக்குச் சமையல் பிடிக்காதுங்கறது நிஜம்தான். பிறந்தநாள் அன்னைக்கு என்கிட்ட தனியா அப்படித்தான் சொன்னாங்க. ஆனா அன்னைக்குக் கூடத்துல சொல்லல. சொல்லாததைச் சொன்ன மாதிரி எழுதி அவங்களுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்காத" என்றாள்.

ஆகவே அந்தப் பேச்சு நடக்கவில்லை. நடந்தது வேறு. எல்லாரும் வாதாடிக் களைத்து உட்கார்ந்திருந்தபோது மாமியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஆகுதே. சாப்பாட்டுக்கு என்ன?"

யாரிடம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் அழுத கண்ணோடு, கொழுந்தன் ஃபோனிலிருந்து தலை தூக்கி, அத்தான் கவலையோடு, எல்லாரும் நிலைப்படியைப் பார்த்தார்கள்.

அக்கா பையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கதவை ஓங்கிச் சாத்தினாளா என்று கேட்டேன். மெதுவாகத்தான் சாத்தினாளாம். ஓங்கிச் சாத்தினால் கோபம் என்று சொல்லித் தீர்த்துவிடுவார்கள் என்றாள்.

7

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏன் என்று அவளுக்கே அப்போது தெரியாது. யாரோ ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், கேட்டவர் "ஆமாம்மா, உன் தப்பில்லை" என்று சொல்ல வேண்டும் என்ற தவிப்பு இருந்திருக்கலாம். [இது என் ஊகம். அக்கா அப்படிச் சொல்லவில்லை.]

கிடங்குப் பொறுப்பாளர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் ஊசி, மேலே தொங்கும் பாட்டில். பக்கத்தில் அவர் மனைவி, பஸ் கண்டக்டர், வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். நீங்கள் யார் என்று கேட்டார்.

"அந்த உருளைக்கிழங்கு சாலட்டைச் சொல்லிக் கொடுத்தது நான்தான்."

கட்டிலில் இருந்தவர் வறண்ட உதட்டோடு சிரித்தார். "நல்லா இருந்துச்சும்மா. ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதான் வினையாப் போச்சு."

கண்டக்டர் சிரிக்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தான் சொன்னது, கொழுந்தன் வெட்டியது, அட்டைப் படம், படிக்கட்டுக்குக் கீழே கேட்டது, புருஷன் விடச் சொன்னது, இப்போது பழியைத் தன் தலையில் கட்டப் பார்ப்பது. சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் ஒரு துண்டை மடித்துக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"சரிம்மா. நீங்க சொன்னீங்க, அவர் வெட்டினாரு, உங்க வீட்டுக்காரர் விடுன்னாரு, நீங்களும் விட்டீங்க. உங்க வீட்டுச் சண்டையில எங்க வீட்டு ஆளு படுத்திருக்காரு. இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? அந்தப் புத்தகம் இன்னும் எத்தனை வீட்டுல இருக்கு? அங்க போய்ச் சொல்லுங்க."

அக்கா இத்தனை நாளில் தன் கோபம்தான் பெரியது என்று நினைத்திருந்தாள். அதைவிடப் பெரியது ஒன்று சீருடையோடு எதிரில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தது. "அந்தம்மா பேசினதுல மட்டும் எனக்குக் கோபமே வரலடி. அவங்க சொன்னதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல" என்றாள் என்னிடம். மன்னிப்புக் கேட்டாளா என்று கேட்டேன். கேட்டாளாம். எதற்கென்று சரியாகத் தெரிந்துகொண்டு கேட்டாளாம்: விட்டதற்கு.

8

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போனாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யார் வீட்டு அழைப்பிதழோ அடுக்கடுக்காக விழுந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் இருக்கிறார்கள், அப்புறம் பேசலாம் அண்ணி என்றான் கொழுந்தன். வேலையாட்கள் இருக்கட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புத்தகம் வாங்கிப்போன ஒவ்வொருவருக்கும் இப்போதே ஃபோன் போடு என்றாள்.

அவன் போட்டான். "புத்தகத்துல ஒரு சின்னத் திருத்தம்" என்று தேனாகத் தொடங்கினான். அக்கா ஃபோனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் பேசறேன். அந்தப் புத்தகத்துல இருக்கறது முழுக்க என் சமையல். அதுல உயிருக்கு ஆபத்தான விஷயம் ஒண்ணை வெட்டிட்டாங்க. அதைச் சாப்பிட்டு ஒருத்தர் ஆஸ்பத்திரில இருக்காரு. உருளைக்கிழங்கு சாலட் பக்கத்தைக் கிழிச்சுடுங்க."

பெரியம்மா, சித்தப்பா, மாமன் மகள், பக்கத்து வீட்டுக்காரர், அத்தானின் அலுவலக நண்பர் என்று ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அதே வார்த்தைகளைச் சொன்னாள். சிலர் பதறினார்கள். சிலர் இப்படிப் பேசலாமா, மாமியார் பெயர் என்னாவது என்றார்கள். ஒரு பெரியவர், பெண்பிள்ளைக்கு இவ்வளவு ஆத்திரம் ஆகாது என்று புத்தி சொன்னார். அவரிடமும், பக்கத்தைக் கிழித்துவிட்டீர்களா என்று கேட்டு, கிழிக்கிற சத்தம் கேட்டபிறகுதான் ஃபோனை வைத்தாள். கடைசியாக நாத்தனாரின் மேலாளரைக் கூப்பிட்டு, நாத்தனாரை எதிரிலேயே வைத்துக்கொண்டு கேளுங்கள் என்று சொல்லி, வரிசையாக நடந்ததைச் சொன்னாள். தன்னுடைய பங்கையும் விடாமல்.

அச்சகத்தில் இயந்திரம் எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியவில்லை. வேலையாட்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அக்கா அடுப்பு மூட்டவில்லை. தனக்கு மட்டும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு, ஒரு முட்டை அவித்துக்கொண்டு போகிறாள். அத்தான் சோறு வடிக்கிறார். ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் கல்லாக இருக்கிறது. "எவ்வளவு தண்ணி வைக்கணும்?" என்று கேட்டாராம். அக்கா தராசைக் காட்டினாளாம். கிடங்குப் பொறுப்பாளர் வீட்டுக்குப் போய்விட்டார். நாத்தனாருக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. கைமணம் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் "இங்க பாருங்க" என்கிறார்கள்.

9

பத்திரிகை ஆசிரியர் இதுவரை எழுதியதை வாங்கிப் படித்தார். நல்லா இருக்கு, ஆனா ரொம்பக் காரம் என்றார். அவரே ஒரு முடிவு சொன்னார்: எல்லாரும் மறுபடி பூங்காவுக்குப் போகிறார்கள், அக்கா ஐஸ் பெட்டியோடு சாலட் கொண்டு வருகிறாள், சரியான முறையில் கலக்கிக் காட்டுகிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள், கீழே கட்டம் கட்டிக் குறிப்பு. [எழுதிப் பார்த்தேன். "ஐஸ் பெட்டியைத் திறந்த அவள் முகத்தில் ஒரு புன்னகை" வரைக்கும் போனேன். அந்தப் புன்னகையை அவள் முகத்தில் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.]

என் தோழி ஒருத்தி, வீட்டைவிட்டு வெளியேறுவதாக முடி என்றாள். அக்காவிடம் கேட்டேன். "அது என் வீடு. அந்த அடுப்பு மேடையை நான்தான் அளந்து கட்ட வச்சேன். நான் ஏன் போகணும்?" என்றாள்.

உண்மையில் நடக்கப்போவது இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போகிறார்கள். நடந்ததையெல்லாம் மறந்து ஒன்றாக இருக்கலாம் என்று நாத்தனார் குடும்பக் குழுவில் செய்தி போட்டிருக்கிறாள். இந்தத் தடவை ஆளுக்கொன்று கொண்டு வரலாம் என்று பிரித்தும் கொடுத்திருக்கிறாள். கொழுந்தன்: குளிர்பானம். நாத்தனார்: காகிதத் தட்டு. அத்தான்: பாய், பந்து. மாமியார்: வந்தால் போதும். அண்ணி: மத்தது எல்லாம்.

அதைப் படித்ததும் எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. போகாதே என்றேன்.

"போகலைன்னா கோவிச்சுக்கிட்டான்னு சொல்லி முடிச்சுடுவாங்க. போவேன். குடையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போய் உக்காரப் போறேன்."

கதையை நான் கொடுக்க வேண்டிய நாள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வருகிறது. ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இருந்தாலும் ஆசிரியருக்குக் கொடுத்திருக்க மாட்டேன். கட்டத்துக்குள் போடக் குறிப்பும் கிடையாது.

நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள் என்பதால் உங்களை மட்டும் அழைத்துப்போகிறேன். வாருங்கள். ஏரிக்கரை, மரத்தடி. பாய் விரித்தாயிற்று. தட்டுகளை எடுத்து வைத்துவிட்டார்கள். குளிர்பானம் ஊற்றியாயிற்று. அக்கா குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாயின் ஓரத்தில் உட்காருகிறாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் இருக்கும் புல்லைப் பார்க்கிறார்கள். அங்கே பை இல்லை, பாத்திரம் இல்லை. சின்னப் பிள்ளை ஒன்று, சாப்பாடு எங்கே என்று கேட்கிறது. மாமியார் ஏரியைப் பார்க்கிறார். அத்தான் பந்தைக் கையில் உருட்டுகிறார்.

"எனக்கும் பசிக்குது" என்கிறாள் அக்கா. கோபமாக இல்லை. பசியாக.

பூங்கா வாசலில் கடைகள் இருக்கின்றன. நடந்து போய்விடும் தூரம்தான். ரொட்டி கிடைக்கும், வாழைப்பழம் கிடைக்கும், அவித்த முட்டைகூடக் கிடைக்கும். ஒருவர் எழுந்துபோய் வாங்கிவந்து, அவள் முன்னால் ஒரு தட்டை வைத்தால் போதும். அந்தப் பாயில் இருப்பவர்களில் யார் எழுந்திருப்பார்கள் என்று ஒவ்வொருவராக எழுதிப் பார்த்துவிட்டேன். ஒருவரையும் என்னால் எழுப்ப முடியவில்லை.

நீங்களும் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இரண்டு கை இருக்கிறது. எழுந்திருங்கள்.